விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வாசல் வரை: புக்கெட்டில் ஷேர் வேன்

புக்கெட் விமான நிலையம் தீவின் வடகோடியில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அதிகம் தங்கும் படோங், கரோன், கடா கடற்கரைகள் தென்மேற்கில் உள்ளன. படோங்குக்கே 35 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்; கடா இன்னும் தள்ளி. தீவில் ரயில் கிடையாது. ஆகவே விமானத்திலிருந்து இறங்கிய யாரும் முதலில் செய்ய வேண்டியிருப்பது ஒரு வண்டி பிடிப்பதுதான். அங்கே கவுன்ட்டர்களில் 'மினிபஸ்' என்று எழுதியிருக்கும் வண்டி பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் வேன். ஷேர் ஆட்டோவில் ஏறிப் பழகியவருக்கு அதன் நடைமுறை புதிதாக இருக்காது: ஆள் சேர்ந்ததும் வண்டி கிளம்பும், ஒவ்வொருவரும் அவரவர் இடம் வந்ததும் இறங்குவார்கள். ஒரே வித்தியாசம், ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிடும், இந்த வேன் ஹோட்டல் வாசல் வரை வரும்.

முதலில் ஒரு கணக்கு

ஷேர் வேனில் கட்டணம் தலைக்கு. டாக்ஸியில் கட்டணம் வண்டிக்கு. முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் போதும். இதை எழுதும்போது படோங்குக்கு வேனில் தலைக்குச் சுமார் 200 பாட். கரோன், கடாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். டாக்ஸி படோங்குக்குச் சுமார் 800 பாட்டிலிருந்து தொடங்கும். ஒரு பாட் நம் பணத்தில் இரண்டரை முதல் மூன்று ரூபாய்க்குள்.

தனியாகப் போகிறவருக்கு 600 பாட் மிச்சம். கணவன் மனைவி இருவருக்கு 400 பாட் மிச்சம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் போனால் ஒன்றும் மிச்சமில்லை; அதே பணத்துக்கு டாக்ஸி நேராக ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். "ஷேர் என்றாலே மலிவு" என்று நினைத்துக் குடும்பத்தோடு வேனில் ஏறி, மற்ற எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாகத் தங்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சேருகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது நேரம். குடியேற்றச் சோதனை, பெட்டிக்கான காத்திருப்பு, வேன் நிரம்பும் வரை காத்திருப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், பிறகு ஒவ்வொரு ஹோட்டலாக நின்று நின்று போவது. எல்லாவற்றையும் கூட்டினால் விமானம் தரையிறங்கி மூன்று மணி நேரத்தில் அறைக்குள் இருந்தால் நல்ல நாள். ஆனால் நீங்கள் காலை ஏழு மணிக்கு இறங்கினால் இந்தத் தாமதத்தால் எந்த நஷ்டமும் இல்லை, ஏனென்றால் பெரும்பாலான ஹோட்டல்களில் பிற்பகல் 2 மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். வேன் நமக்கு மிகவும் தோதாக வருவது காலை, முற்பகல் விமானங்களுக்குத்தான்.

கீழ்க்கண்டவர்களுக்கு என் யோசனை டாக்ஸி அல்லது ஹோட்டல் அனுப்பும் கார்:

- கைக்குழந்தையுடன் வருகிறவர்கள். ஷேர் வேனில் குழந்தை இருக்கை இருக்காது.
- முழங்கால் வலி உள்ள பெரியவர்கள். வேனின் படி உயரம், உள்ளே குனிந்துதான் நகர வேண்டும்.
- நள்ளிரவுக்குப் பிறகு இறங்குகிறவர்கள். அந்நேரத்தில் வேன் நிரம்ப வெகுநேரமாகும்.
- நாய் யாங், மாய் காவ் போன்ற வடக்குக் கடற்கரைகளில் தங்குகிறவர்கள். இவை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தெற்கே போகும் வேன் உங்களுக்கு உதவாது.

இதைவிடவும் மலிவாகப் போக வேண்டுமென்றால் 'புக்கெட் ஸ்மார்ட் பஸ்' இருக்கிறது. மேற்குக் கடற்கரை வழியாக கமலா, படோங், கரோன், கடா தாண்டி ரவாய் வரை போகும். கட்டணம் 100 பாட். புக்கெட் நகரத்துக்குத் தனி விமான நிலையப் பேருந்தும் உண்டு. இரண்டும் ஹோட்டல் வாசலுக்கு வராது. முதுகுப்பை மட்டும் உள்ளவருக்கு இவை அருமை. உருட்டுப்பெட்டி இரண்டு இருந்தால் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஹோட்டலின் முழுப் பெயரையும் அது இருக்கும் கடற்கரையின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நோவோடெல் என்ற பெயரில் படோங்கிலும் இருக்கிறது, கடாவிலும் இருக்கிறது, புக்கெட் நகரத்திலும் இருக்கிறது. "நோவோடெல்" என்று மட்டும் சொன்னால் கவுன்ட்டரில் இருப்பவர் தனக்குத் தோன்றியதை எழுதுவார். தப்பான கடற்கரைக்குப் போகிற வேனில் ஏறினால், திருத்திக்கொள்ள டாக்ஸிக் காசு தனியாக ஆகும்.

2. ஹோட்டலின் முகவரியைத் தாய் எழுத்தில் கேட்டு வாங்கிப் படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் தந்துவிடுவார்கள். ஆங்கிலம் படிக்கத் திணறும் ஓட்டுநர்கூட இதைப் பார்த்ததும் தலையாட்டிவிடுவார்.

3. ஹோட்டலின் தொலைபேசி எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான்.

4. தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புங்கள். 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோருக்கும் இது கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல, உடனே வெளியே வந்துவிடுங்கள். தங்குமிட முகவரியை இதிலும் கேட்பார்கள், ஆகவே மேலே எழுதிய முகவரி இங்கேயும் பயன்படும்.

5. தீவின் வரைபடத்தைப் போனில் பதிவிறக்கி வையுங்கள். இணையம் இல்லாமலும் நீங்கள் இருக்கும் இடத்தை அது காட்டும்.

6. வேன் கட்டணத்துக்குச் சில்லறையாகப் பாட் நோட்டு வேண்டும். விமான நிலையத்தில் மாற்று விகிதம் குறைவு. அன்றைய தேவைக்கு மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் மாற்றுங்கள். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள், அது ஒரு வேன் டிக்கெட்டின் விலை.

இணையத்தில் முன்பதிவு செய்கிறீர்களா?

கவுன்ட்டரில் போய் வாங்கினாலே பெரும்பாலும் இடம் கிடைக்கும். டிசம்பர் கடைசியிலும் சீனப் புத்தாண்டை ஒட்டியும் போகிறவர்கள் முன்பதிவு செய்வது நல்லது. அப்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது.

தேதிதான் முதல் தவறு. இரவு 11 மணிக்கு மேல் இங்கிருந்து கிளம்பும் விமானம் மறுநாள் காலையில்தான் அங்கே இறங்கும். டிக்கெட்டில் கண்ணில் படும் முதல் தேதியை வேனுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஓட்டுநர் ஒரு நாள் முன்னதாகவே வந்து காத்திருந்து, ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பணம் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது தவறு மணி. தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் இறங்கும் நேரம் அங்கத்திய நேரம்தான். அதை அப்படியே போடுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். விமான எண்ணையும் மறக்காமல் கொடுங்கள். விமானம் தாமதமானால் வேன்காரருக்குத் தெரிய அது ஒன்றே வழி. எத்தனை நிமிடம் காத்திருப்பார்கள், சந்திக்கும் இடம் எந்த எண்ணுள்ள வாசல் என்ற இரண்டையும் உறுதிச் சீட்டில் தேடிப் படியுங்கள்.

இறங்கியதும்: வரிசையாக

1. பெட்டியை எடுத்ததும் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். வேனில் ஏறியபின் அடுத்த வாய்ப்பு எப்போது என்று சொல்ல முடியாது.

2. சுங்கம் தாண்டி வெளியே வரும்போது லாமினேட் செய்த விலைப்பட்டியலை நீட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். நின்று பேச வேண்டாம். 'மினிபஸ்' என்று எழுதிய கவுன்ட்டருக்கு நேராகப் போங்கள்.

3. ஹோட்டலின் பெயரும் கடற்கரையின் பெயரும் எழுதிய தாளைக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட இது நல்லது.

4. பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த விலை ஒருவருக்கா? ஹோட்டல் வாசல் வரைக்குமா? அடுத்த வண்டி எப்போது கிளம்பும்? மூன்றாவதற்கு "இதோ, இதோ" என்று பதில் வந்தால், ஏற்கெனவே எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர் என்றால் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

5. ரசீதில் எழுதியிருக்கும் இடப் பெயரைச் சரிபாருங்கள். இறங்கும் வரை ரசீது கையில் இருக்கட்டும். ஓட்டுநர் அதைப் பார்த்துத்தான் இறக்குவார்.

6. வண்டிக்கு அருகே போனதும் எண் பலகையைப் போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். பொருளை வண்டியில் விட்டுவிட்டால் அதைத் தேடி எடுக்கவும் இந்தப் படம்தான் உதவும்.

7. பெட்டியை ஓட்டுநர் பின்புறம் அடுக்குவார். அடுக்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பாஸ்போர்ட், பணம், மருந்து, சார்ஜர் இருக்கும் பை உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும், பெட்டிகளோடு போகக்கூடாது.

> குறிப்பு: சென்னை விமான நிலையத்தில் பார்க்கும் அதே கறுப்பு, நீலப் பெட்டிகள் அங்கேயும் வரும். பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஹோட்டலிலும் ஓட்டுநர் அவசரமாகப் பெட்டி இறக்குவார். முன்னால் இறங்குபவர் உங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகாமலிருக்க இது உதவும்.

எந்த இருக்கை?

மலைப்பாதையில் குமட்டல் வருபவர்கள் முன்வரிசைக்கு முந்திக்கொள்ளுங்கள். படோங்குக்குள் இறங்கும் சாலை செங்குத்தும் வளைவும் நிறைந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு வளைவும் வயிற்றில் தெரியும். மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள், ஏறியபின் போட்டுப் பயனில்லை.

எங்கே உட்கார்ந்தாலும் சீட் பெல்ட்டைப் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 2017 ஜனவரி 2 அன்று சோன்புரி மாகாணத்தில் பயணிகள் வேன் ஒன்று பிக்கப் லாரியோடு மோதியதில் 25 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் எல்லாப் பயணிகளுக்கும் பெல்ட் கட்டாயமாக்கப்பட்டது. வேன்களில் இருக்கைகளைக் குறைக்கவும் உத்தரவு வந்தது. பின்வரிசையில் பெல்ட் இருக்கையின் இடுக்கில் புதைந்திருக்கும். கைவிட்டு எடுத்தால் வரும். பெல்ட்டே இல்லையென்றால் வண்டி கிளம்புமுன் வேறு இருக்கை கேளுங்கள். ஓட்டுநர் கண்மண் தெரியாமல் ஓட்டினால் "சா சா" என்று சொல்லுங்கள், மெதுவாக என்று பொருள். உடன் வருகிற வெள்ளைக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கும் பயம்தான், யாராவது முதலில் சொல்லட்டும் என்று இருப்பார்கள்.

வழியில் வண்டி நிற்கும்

கிளம்பி அரை மணி நேரத்தில், ஊர் எதுவும் வராமலே, ஒரு சாலையோர அலுவலகத்தின் முன் வேன் நிற்கும். ஓட்டுநர் கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே போகச் சொல்வார். முதல்முறை வருகிறவர்கள் இங்கேதான் திடுக்கிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அது சுற்றுலா முகவர் அலுவலகம். யார் எந்த ஹோட்டல் என்று பட்டியல் எழுதி, இறக்கும் வரிசையை அங்கேதான் முடிவு செய்வார்கள். கூடவே வியாபாரமும் பேசுவார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்த முகத்தோடு ஹோட்டல் பெயர் கேட்பார். அடுத்து எத்தனை நாள் தங்குகிறீர்கள், ஊருக்குத் திரும்புவது எந்தத் தேதி, பீபீ தீவுக்குப் போக ஆசையா, பாங் நா விரிகுடாவைப் பார்க்க வேண்டாமா என்று வரிசையாக வரும். நீங்கள் சொல்ல வேண்டியது ஹோட்டல் பெயரும் கடற்கரைப் பெயரும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் "பிறகு பார்த்துக்கொள்கிறோம்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். எதையும் வாங்கவில்லை என்பதற்காக உங்களை இறக்கிவிடாமல் போகமாட்டார்கள். பயணத்துக்கான பணத்தைத்தான் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களே.

செய்யக்கூடாதவை இவை:

- பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஹோட்டல் பட்டியலுக்கு அது தேவையில்லை.
- "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று சொன்னால் அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள். அதே படகுப் பயணம் உங்கள் ஹோட்டல் தெருவில் பத்துக் கடைகளில் கிடைக்கும்; நிதானமாக விலை பேசலாம்.
- ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பீபீ தீவுகளில் உள்ள மாயா பே கடற்கரையில் இறங்கிப் பார்க்கலாம் என்று விற்றால் நம்பாதீர்கள். கடற்கரை தேறுவதற்காகச் சில ஆண்டுகளாக அந்த இரண்டு மாதமும் அதை மூடி வைக்கிறார்கள்.
- கைப்பையை வேனில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். இருவராக வந்திருந்தால் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது இன்னும் நல்லது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் வண்டி மறுபடி கிளம்பும். சில சமயம் இங்கேயே வேறு வேனுக்கு மாறச் சொல்வார்கள்: படோங் போகிறவர்கள் ஒரு வண்டி, கடா போகிறவர்கள் இன்னொன்று. அப்போது உங்கள் பெட்டியும் மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். புது வண்டியின் எண்ணையும் படம் எடுங்கள்.

இறங்கும் இடம்

போகிற வழி சரியா என்று போன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே வரலாம். தெற்கே போகும்போது தலாங்கைத் தாண்டி ஒரு ரவுண்டானாவில் வாள் ஏந்திய இரண்டு பெண்களின் சிலை வரும். 1785இல் பர்மியப் படையெடுப்பை எதிர்த்துத் தலாங்கைக் காத்த சகோதரிகள் அவர்கள். அந்தச் சிலையைப் பார்த்துவிட்டால் பாதி வழி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படோங்கில் ஒருவழிப் பாதைகள் உண்டு. உங்கள் ஹோட்டலைத் தாண்டி வண்டி போவதாக வரைபடம் காட்டினால் பதற வேண்டாம், சுற்றிக்கொண்டு வரும். பங்களா ரோட்டை ஒட்டித் தங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: மாலையில் அந்தத் தெருவுக்குள் வண்டிகளை விடுவதில்லை. ஓட்டுநர் தெருமுனையில் இறக்கிவிடுவார், மீதித் தூரம் கூட்டத்துக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். குறுகலான சந்துக்குள் இருக்கும் ஹோட்டல்களுக்கும் இதே கதைதான். முன்பதிவு செய்யும்போதே வரைபடத்தில் சந்தின் அகலத்தைப் பார்த்துவிடுங்கள்.

இறங்கியதும் வேனை அனுப்பிவிடாதீர்கள். பெட்டிகளை எண்ணுங்கள், பலகையில் ஹோட்டல் பெயரைப் படியுங்கள், பிறகு கையசையுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, பெட்டி இறக்கித் தந்தவருக்கு 20 பாட் கொடுத்தால் சந்தோஷப்படுவார்.

ஏதாவது தகராறு என்றால் சுற்றுலாக் காவல் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸுக்கு 1669. இரண்டையும் போனில் பதிந்துகொண்டு போங்கள்.

திரும்பும் பயணம்: இங்கேதான் விமானம் தப்புகிறது

போகும்போது தாமதமானால் ஓய்வு நேரம் குறையும், அவ்வளவுதான். வரும்போது தாமதமானால் டிக்கெட்டே போய்விடும். திரும்பும் பயணத்தில் வேன் உங்களை எடுத்த பிறகும் ஐந்தாறு ஹோட்டல்களில் நின்று ஆள் எடுக்கும். அதில் ஒருவர் அறையைக் காலி செய்யாமல் குளித்துக்கொண்டிருப்பார். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

1. விமானம் மாலை 6 மணிக்கு என்றால் 3 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும்.
2. படோங்கிலிருந்து பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம், கடாவிலிருந்து இரண்டு. மற்றவர்களை எடுக்க இன்னும் அரை மணி நேரம்.
3. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். இன்னும் அரை மணி நேரம் சேருங்கள். 2022 அக்டோபரில் படோங் மலைச்சாலையின் ஒரு பகுதி மழையில் சரிந்து போக்குவரத்தே நின்றது.
4. ஆக, படோங்கில் மழை நாளில் 12:30க்கு ஹோட்டல் வாசலில் பெட்டியோடு நிற்க வேண்டும்.

முந்தைய நாளே ஹோட்டல் வரவேற்பிலோ தெருவில் உள்ள முகவரிடமோ சீட்டு வாங்கிவிடுங்கள். எந்த முகவரும் உங்கள் விமான நேரத்தைக் கேட்டு அவரே எடுக்கும் நேரத்தைச் சொல்வார். அது மேலே போட்ட கணக்கைவிடப் பிந்தியதாக இருந்தால் முந்திய வண்டியில் இடம் கேளுங்கள். சீட்டில் எழுதும் நேரம் ஒரு நிமிடமாக இருக்காது. "12:30 முதல் 1 மணிக்குள்" என்றுதான் இருக்கும். முதல் நிமிடத்திலிருந்தே வாசலில் இருங்கள். அறைக்கு வந்து தேட ஓட்டுநருக்கு நேரமில்லை.

சீட்டில் முகவரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். குறித்த நேரம் முடிந்து பதினைந்து நிமிடம் ஆகியும் வண்டி வரவில்லை என்றால் வரவேற்பில் இருப்பவரைக் கொண்டு பேசச் சொல்லுங்கள். தாய் மொழியில் பேசினால் நிஜ நிலவரம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது" என்ற பதில் இரண்டாவது முறையும் வந்தால் காத்திருக்காதீர்கள். கிராப் செயலியில் கார் அழைத்துக் கிளம்பிவிடுங்கள். அதற்காகவே கடைசி நாளில் 1,000 பாட் செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அதிகாலை விமானத்துக்கு ஷேர் வேன் வேண்டாம். அந்நேரம் ஆள் சேராமல் கடைசி நிமிடத்தில் வண்டியை ரத்து செய்வதும் உண்டு.

புக்கெட்டில் உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் தனித்தனிக் கட்டடங்கள். நேராக இந்தியாவுக்கு வருகிறவர்களுக்குப் பன்னாட்டு முனையம். பாங்காக் வழியாகத் திரும்புகிறவர்கள் முதல் நாளே டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து, ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். மாறி இறங்கினால் பெட்டியோடு அடுத்த கட்டடத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.